காசல்ரீயில் குடும்பத்தோடு போய்வர எந்தப் படகு?

நோர்வூட் பக்கத்தில் கடை நடத்தும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். அவரும் மனைவியும், 13, 9, 5 வயதில் மூன்று பிள்ளைகளும், 68 வயதான தாயாரும் ஒரே வீட்டில் வசிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சொந்தப் படகில் போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கட்டாரில் வேலை செய்யும் தம்பி பாதிப் பணம் தருவதாகச் சொன்னதும், இரண்டு பழைய படகுகளை நேரில் போய்ப் பார்த்து வந்திருக்கிறார்.

முதலாவது பெந்தோட்டையில் இருக்கிறது. வெளிநாட்டில் செய்த ஃபைபர் உல்லாசப் படகு. பதினேழரை அடி நீளம், ஏழு அடி அகலம். உள்ளே பொருத்திய 3 லீற்றர், 135 குதிரைவலுப் பெற்றோல் எஞ்சின், மெத்தை இருக்கைகள், இழுத்துச் செல்ல ட்ரெய்லர், எல்லாம் சேர்த்து 27 இலட்சம் ரூபாய். இரண்டாவது கற்பிட்டியில் இருக்கிறது. மீன்பிடிக்கென்று இங்கேயே செய்து, பிறகு டொல்பின் பார்க்க வரும் பயணிகளை ஏற்றிய ஃபைபர் படகு. 18 அடி நீளம், ஐந்தரை அடி அகலம், இருக்கைகளும் இரும்புக் குழாயில் நிற்கும் தகரக் கூரையும் பின்னால் சேர்க்கப்பட்டவை. வெளியே மாட்டும் 25 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு 9 இலட்சம் ரூபாய். பெந்தோட்டைக்காரர் இந்த வாரத்துக்குள் 2 இலட்சம் முற்பணம் கேட்கிறார். கற்பிட்டிக்காரர் பத்திரங்களைப் பிறகு தருவதாகச் சொல்கிறார். மச்சான் குடும்பத்தையும் சேர்த்துப் பத்துப் பேராகப் போக வாசகர் விரும்புகிறார். அவரைத் தவிர வேறு யாருக்கும் நீச்சல் தெரியாது.

அன்புள்ள சகோதரருக்கு,

விற்பவர்கள் சொன்னதோடு நின்றுவிடாமல், நீங்கள் கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் சிறு படகுகளைப் பரிசோதித்து மதிப்பிடும் பொறியியலாளன் என்ற முறையில், அந்தப் படகுகளைப் பார்க்காமலேயே சில விடயங்களைத் துணிந்து சொல்ல முடிகிறது. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பெந்தோட்டைப் படகை வாங்க வேண்டாம். கற்பிட்டிப் படகு கீழே நான் சொல்லும் சோதனைகளில் தேறினால், அதன் கூரையைக் கழற்றிவிட்டு வாங்கலாம். தேறாவிட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆனால் இரண்டு விற்பனையாளர்களோடும் அடுத்த பேச்சுப் பேசுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அனுமதி முதலில், படகு பிறகு

நீர்த்தேக்கம் கடல் அல்ல, அதனால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மலையகத்தில் நிலைமை அப்படியில்லை. இங்குள்ள பெரிய நீர்நிலைகள் ஒவ்வொன்றும் ஏதோவொரு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. காசல்ரீயும் மவுசாக்கலையும் மின்னுற்பத்திக்காக மறிக்கப்பட்டவை. காசல்ரீயின் நீர்தான் நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்குகிறது. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல ஆகியவை மகாவலித் திட்டத்தில் கட்டப்பட்டவை. அவற்றுள் விக்டோரியாவும் ரந்தெனிகலயும் ரந்தம்பையோடு சேர்ந்து 1987 முதல் சரணாலய எல்லைக்குள்ளும் வருவதால், அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். நுவரெலியாவின் கிரகரி வாவிக்கு மாநகர சபை. உங்களுக்குக் காசல்ரீ என்பதால், அணைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து எழுத்தில் பதில் பெறுங்கள். அங்கே ஏற்கெனவே சிலர் படகு ஓட்டுகிறார்கள் என்பது அவர்கள் பெற்ற அனுமதிக்குச் சான்றாகலாமே தவிர, உங்களுக்கு அது அனுமதி ஆகாது.

விண்ணப்பத்தில் மூன்று கேள்விகளைத் தெளிவாகக் கேளுங்கள். தனியார் ஒருவர் குடும்பப் பாவனைக்கு எஞ்சின் படகு வைத்திருக்கலாமா? எஞ்சினின் வலுவுக்கும் வகைக்கும் வரம்பு உண்டா? அணையிலிருந்தும் நீர் உள்வாங்கும் வாயிலிலிருந்தும் எவ்வளவு தூரம் விலகி இருக்க வேண்டும்? மூன்றாவது கேள்வியைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் நிரம்பி வான் பாயும்போது அணைப்பக்கம் நீர் இழுக்கும். எஞ்சின் நின்றுபோன படகு அந்த இழுவைக்கு ஈடுகொடுக்காது. படகை இறக்கப் போகும் கரை தேயிலைத் தோட்டத்து நிலமாக இருந்தால், தோட்ட முகாமையாளரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். இந்தப் பதில்கள் வரும்வரை ஒரு சதமும் கைமாறக் கூடாது. எஞ்சினின் வகைக்கு வரம்பு விதித்தால், நீங்கள் பார்த்த இரண்டில் ஒன்று அத்தோடு ஆட்டத்திலிருந்தே விலகிவிடக்கூடும்.

அதே பத்தியில், அங்கே அலை இருக்காது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடலில் எழும் பேரலை இருக்காது, உண்மைதான். ஆனால் தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை, மலை இடுக்குகளினூடாக இறங்கும் காற்று நீர்த்தேக்கத்தில் குறுகிய, நெருக்கமான அலைகளை நிமிடக் கணக்கில் எழுப்பிவிடும். விளிம்பு தாழ்ந்த சிறு படகுக்கு நீண்ட கடலலையைவிட இந்த அலைதான் தொல்லை, ஏனெனில் ஓர் அலை ஏற்றிய நீரை இறைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இன்னொன்றும் இருக்கிறது. மவுசாக்கலையில் வரட்சியின்போது பழைய மஸ்கெலியா நகரத்தின் கோவிலும் விகாரையும் நீருக்கு மேலே தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அணை கட்டி நிரப்பப்பட்ட எந்த நீர்த்தேக்கத்தின் அடியிலும் மரக்கட்டைகளும் மதில்களும் பாறைகளும் இருக்கும். நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் மாறுவதால், போன மாதம் பத்தடி ஆழத்தில் இருந்த கட்டை இந்த மாதம் உங்கள் எஞ்சினின், நீரைத் தள்ளும் விசிறி உயரத்தில் நிற்கலாம்.

பெந்தோட்டைப் படகு

இதன் நல்ல பக்கத்தை மறைக்க மாட்டேன். அகலமான உடல், உயர்ந்த விளிம்பு, ஏறும்போது ஒரு பக்கம் அதிகம் சாயாத தன்மை ஆகியவை வயதான தாயாருக்கும் சிறு பிள்ளைக்கும் உண்மையிலேயே வசதியானவை. கொன்கிரீட் இறங்குதுறையும், இந்த வகை எஞ்சினை அறிந்த மெக்கானிக்கும் பக்கத்திலேயே உள்ள இடத்தில் வசிப்பவர் என்றால், நல்ல நிலையில் உள்ள இப்படியொரு படகை வாங்குவதில் பிழையில்லை. உங்களுக்கு இரண்டும் இல்லை. இந்தப் படகு நல்ல நிலையில் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளைச் சிவப்பு மையால் கோடிட்டேன். "நடுவில் ஓர் இடத்தில் தரை மெத்தென்று அமுங்கியது, கார்ப்பெட்டின் மென்மை என்றார்" என்பது ஒன்று. கார்ப்பெட் அமுங்கினால் கால் உடனே கெட்டியான தரையை உணரும். தரையே தாழ்ந்தால் அடியில் இருக்கும் பிளைவூட் ஊறி உக்கிவிட்டது என்று பொருள். இந்த வகைப் படகுகள் பலவற்றில் தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் மரச்சட்டங்கள்தான் எஞ்சினின் எடையையும் சுமக்கின்றன. தரை உக்கியிருக்கும் இடத்தில் சட்டமும் உக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்வதென்றால் எஞ்சினை வெளியே தூக்கி, தரை முழுவதையும் அறுத்தெடுக்க வேண்டும். மற்றொரு வரி, "சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் ஆனது, மூடியைத் தொட்டபோது சூடாக இருந்தது" என்பது. நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். நல்ல எஞ்சின் குளிர்ந்த நிலையிலும் ஸ்டார்ட் ஆகும். அதைக் காட்டுவதில் நேர்மையான விற்பனையாளருக்குத் தயக்கம் இருக்காது.

எஞ்சினின் அமைப்பையும் சற்று விளக்க வேண்டும். எஞ்சின் படகுக்குள் இருக்க, அது சுழற்றும் கால் பின்பக்கம் வெளியே இருக்கிறது. இரண்டும் இணையும் துளை நீர்மட்டத்துக்குக் கீழே. அந்தத் துளையை நீர் புகாமல் காப்பது மடிப்பு மடிப்பாக உள்ள ஓர் இறப்பர்த் துருத்தி மட்டுமே. இறப்பர் முதிர்ந்து வெடித்தால், கரையில் கட்டி நிற்கும் படகே இரவோடிரவாக மூழ்கிவிடும். கடைசியாகத் துருத்தி மாற்றிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காது என்றே எண்ணுகிறேன். அடுத்தது உப்பு. பெந்தோட்டை ஆற்றின் முகப்பகுதியில் கடல் நீர் கலக்கிறது. இவ்வகை எஞ்சின்கள் பலவும் வெளியே உள்ள நீரை இழுத்துத் தம்மைக் குளிர்விக்கின்றன. புகை வெளியேறும் வார்ப்பிரும்புப் பாகத்தை உப்பு உள்ளிருந்து அரித்து, கடைசியில் நீரைச் சிலிண்டருக்குள்ளேயே விட்டுவிடும். மலைநாட்டு நன்னீருக்குக் கொண்டுவந்தால் இனி அரிப்பு இருக்காது என்று விற்பவர் சொன்னது பாதி உண்மை. இதுவரை அரித்துப்போன இரும்புக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது பெற்றோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது. மூடிய எஞ்சின் அறையின் அடியில் தேங்கி நிற்கும். அதனால்தான் இத்தகைய படகுகளில் ஆவியை வெளியேற்றும் மின்விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட்டு, மூடியைத் திறந்து மணம் பார்த்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது விதி. பழைய படகுகளில் பழுதாகிக் கவனிக்கப்படாமல் கிடப்பது பெரும்பாலும் அந்தச் சிறு விசிறிதான். உங்கள் ஐந்து வயதுப் பிள்ளை உட்கார்ந்து வரப்போகும் பின்பக்க மெத்தை அந்த அறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

செலவையும் பாருங்கள். முழு வேகத்தில் 135 குதிரைவலு எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 50 லீற்றர் பெற்றோல் குடிக்கும். நிதானமாக ஓட்டினால் அதில் மூன்றிலொரு பங்காகக் குறையலாம். படகு, எஞ்சின், ட்ரெய்லர் மூன்றும் சேர்ந்தால் ஒன்றேகால் தொன்னுக்குக் குறையாது என்பது என் கணிப்பு. அதை உங்கள் வேனில் கட்டி, கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஏ7 வீதியின் வளைவுகளில் ஏற்றுவதையும், மழை நாளொன்றில் அதே பாதையில் பழுதுபார்க்க இறக்குவதையும் நினைத்துப் பாருங்கள். வரட்சியில் நீர் வற்றிச் சேறு பல அடி அகலத்துக்கு வெளியே தெரியும் காசல்ரீக் கரையில், அந்த எடையை இறக்கி ஏற்ற உழவு இயந்திரம் ஒன்று வேண்டியிருக்கும்.

பெரிய எஞ்சின் என்றால் அவசரத்தில் விரைவாகக் கரைசேரலாம், ஆகவே பாதுகாப்பு என்பது உங்கள் வாதம். அடியில் கட்டைகள் மறைந்திருக்கும் நீரில் வேகம் பாதுகாப்பைக் கூட்டாது, குறைக்கவே செய்யும். அவசரத்தில் உதவுவது தவறாமல் ஸ்டார்ட் ஆகும் எஞ்சினும், அது நின்றுபோனால் துடுப்பால் நகர்த்தக்கூடிய எடையும்தான்.

கற்பிட்டிப் படகு

இந்த நாட்டின் கரையோரமெங்கும் பல்லாயிரம் மீனவர்கள் உயிரை ஒப்படைக்கும் வகைப் படகு இது. அமைப்பு எளிது, பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், உதிரிப்பாகம் கிடைக்கும். எஞ்சினைக் கழற்றினால் இரண்டு ஆட்கள் தூக்கிச் செல்லலாம். படகைச் சிறு லொறியில் ஏற்றலாம். கரையில் நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துவிடலாம். உங்கள் இடத்துக்கு இந்தக் குணங்களே முக்கியமானவை. குறை என்னவென்றால், மீனவர் வடிவமைத்த படகை யாரோ உல்லாசப் பயணத்துக்காக மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றங்களில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

கூரை போக வேண்டும். ஐந்தரை அடி அகலமே உள்ள படகின் மேல் இரும்புக் குழாயும் தகரமும் நின்றால் அதன் புவியீர்ப்பு மையம் உயர்ந்துவிடும். பக்கக் காற்றுக்கு அது பாய்போல் நின்று படகைச் சாய்க்கும். அதைவிட மோசம், படகு கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்கள் கூரைக்கு அடியில் சிக்கிக்கொள்வார்கள்; உயிர்காப்பு அங்கி மேலே உந்துவதே அவர்களை வெளியே வரவிடாமல் தடுக்கும். வெயிலுக்குத் தொப்பியும், மழைக்குக் கரைக்குத் திரும்புவதும் போதும். கூரையைக் கழற்றும்போது அதைப் பிடித்திருந்த ஆணித்துளைகளைக் கவனமாகப் பாருங்கள். பசை இடாமல் துளைத்திருந்தால், படகைக் கவிழ்ந்தாலும் மிதக்க வைக்கும் மூடிய அறைகளுக்குள் அந்தத் துளைகள் வழியே நீர் போயிருக்கும்.

படகின் உடலைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு ஸ்குரூடிரைவரின் பிளாஸ்ரிக் பிடியால், எஞ்சின் மாட்டப்பட்டுள்ள பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். உள்ளிருக்கும் பிளைவூட் ஊறிய இடத்தில் சத்தம் மந்தமாகி அமுங்கும். எஞ்சினின் ஆணிகள் பாயும் இடத்துக்குக் கீழேதான் பெரும்பாலும் அப்படிக் கேட்கும், ஏனென்றால் நீர் அவ்வழியாகத்தான் இறங்குகிறது. அடுத்து, எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகையில் கண்ணைப் பதியுங்கள். மூலைகளில் மயிரிழை வெடிப்புத் திறந்து மூடுவது தெரிந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

மிதவைச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். விற்பவர் தயங்குவார், விட்டுக்கொடுக்க வேண்டாம். எஞ்சினைக் கழற்றி அதற்குச் சமமான எடையைப் பின்னால் கட்டி, இடுப்பளவு நீரில் படகை விளிம்புவரை நீரால் நிரப்ப வேண்டும். நிரம்பிய பிறகும் படகு கிட்டத்தட்ட மட்டமாக மிதந்தால், விபத்தில் உங்கள் குடும்பம் அதைப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கலாம். பின்பக்கம் நேரே கீழே போய் அணியம், அதாவது முன்முனை, மட்டும் மேலே நின்றால், அல்லது முழுவதும் மூழ்கினால், உள்ளே போதிய மிதவை நுரை இல்லை. இந்த ஒரு சோதனையில் தவறிய படகை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில், நீங்களே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்விக்கும் நீர் பின்பக்கத் துளையிலிருந்து தடையின்றிப் பீறிட வேண்டும். கால் பகுதியின் கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால், அது பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. இரண்டு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் மெக்கானிக் ஒருவரைக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது.

மலைக்கு வந்ததும் அந்த எஞ்சினின் குணம் மாறும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சுமார் மூன்று வீதம் வலு குறையும். காசல்ரீ 1,000 மீற்றருக்கு மேல் இருப்பதால், 25 குதிரைவலு அங்கே 22 ஆகிவிடும்; நுவரெலியாவின் கிரகரி வாவிக்குக் கொண்டுபோனால் இருபதைச் சுற்றி நிற்கும். நிதானமான குடும்பப் பயணத்துக்கு அது போதுமானதே. ஆனால் கற்பிட்டியின் காற்றுக்கு அளவாக வைத்த காபுரேட்டர், மெல்லிய மலைக் காற்றுக்குக் கூடுதலான பெற்றோலை விடும். புகை கறுக்கும், பிளக் அடிக்கடி கரிபிடிக்கும், நீரின் நடுவில் எஞ்சின் மூச்சடைத்து நிற்கும். காபுரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் ஜெட்டைச் சிறியதாக மாற்றி, நீரைத் தள்ளும் விசிறியையும் இதழ்களின் சாய்வு குறைந்ததாகப் போட்டால் இது பெரிதும் சரியாகிவிடும். அரிப்பைத் தான் ஏற்று எஞ்சினைக் காக்கும் துத்தநாகக் கட்டி கடல் நீருக்கானது. நன்னீரில் அதன் மேல் படலம் படிந்து செயலிழந்துவிடும் என்பதால், நன்னீருக்குரிய மக்னீசியக் கட்டியை மாட்டுங்கள்.

டூ ஸ்ட்ரோக் பற்றி ஒரு வார்த்தை. காபுரேட்டர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தான் குடிக்கும் எரிபொருளில் கால்வாசி வரைகூட எரிக்காமல் எண்ணெயோடு சேர்த்து நீரில் விட்டுவிடும். கீழே எத்தனையோ பேர் இதே ஆற்று நீரைக் குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள். அனுமதி வழங்குபவர்கள் இதைக் கேட்காவிட்டாலும், நீங்கள் மிச்சம்பிடிக்கும் 18 இலட்சத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, 15 அல்லது 20 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாறுவதையே நான் விரும்புவேன். சத்தமும் குறையும், பிள்ளைகளோடு பேசிக்கொண்டு போகலாம்.

எத்தனை பேர்?

இரண்டு விற்பனையாளர்களும் "பத்துப் பேர் தாராளமாகப் போகலாம்" என்றிருக்கிறார்கள். இருக்கைகளை எண்ணிச் சொல்லும் கணக்கு அது. இந்த அளவுப் படகுகளுக்குப் பரவலாகப் பயன்படும் எளிய கணக்கு, நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15 ஆல் வகுப்பது. கற்பிட்டிப் படகுக்கு 6.6 வரும், அதாவது ஆறு பேர். பெந்தோட்டைப் படகுக்கு எட்டுப் பேர். அதுவும் அமைதியான நீருக்கான உச்ச அளவு. ஆகவே எந்தப் படகை வாங்கினாலும் மச்சான் குடும்பம் அடுத்த சுற்றில்தான் வர வேண்டும். கற்பிட்டிப் படகில் உங்கள் ஆறு பேருமே நிறைந்துவிடுவீர்கள். பணம் கொடுப்பதற்கு முன் 50 கிலோ அரிசி மூட்டைகள் எட்டை ஏற்றி, நீர்மட்டத்திலிருந்து விளிம்பின் மிகத் தாழ்ந்த இடம்வரை அளந்து பாருங்கள். நன்னீர் கடல் நீரைவிட இலேசானது என்பதால், கற்பிட்டியில் அளந்ததைவிடக் காசல்ரீயில் படகு சற்றுக் கூடுதலாகவே தாழும். ஓர் அடிக்குக் குறைவாக வந்தால் நால்வருக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

முற்பணமும் பத்திரமும்

முற்பணம் "பிடித்து வைப்பதற்கு மட்டும்" என்றும், மனம் மாறினால் திருப்பிக் கேட்கலாம் என்றும் நினைக்கிறீர்கள். சட்டத்தரணியின் இடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்தில் எதுவும் இல்லாமல் வாயால் பேசிய விற்பனைக்கும், விலையின் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டால் வழக்குத் தொடரக்கூடிய வலிமை வந்துவிடும். நீங்கள் வெறும் அடையாளம் என்று கொடுக்கும் 2 இலட்சம், "வாங்குவதாக ஒப்புக்கொண்டார்" என்பதற்கு அவர் காட்டும் சான்றாகிவிடலாம். எந்தப் படகுக்கானாலும் முற்பணம் கொடுக்க நேர்ந்தால், "நீரில் ஓட்டிப் பார்த்து, பரிசோதனையில் தேறி, பத்திரங்கள் கைக்கு வந்தால் மட்டுமே விற்பனை, இல்லையெனில் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இதற்கு மறுப்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய பொருள் என்றால் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லை என்பதும் சரியல்ல. விற்கும் உரிமை விற்பவருக்கு இருக்க வேண்டும், பொருள் அவர் விவரித்தபடி இருக்க வேண்டும் என்பவை பழைய பொருளுக்கும் பொருந்தும். படகு விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் இன்ன நீரில், இத்தனை பேரோடு ஓட்ட வேண்டும் என்று சொல்லி அவருடைய தேர்ச்சியை நம்பி வாங்கினால், அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டிய பொறுப்பும் அவரைச் சேரும். தன் சொந்தப் படகை விற்கும் தனி ஆளிடம் இந்தக் கடைசிப் பாதுகாப்புப் பெரும்பாலும் கிடைக்காது. அதனால்தான் அவர் வாயால் சொல்வதை எல்லாம் பற்றுச்சீட்டில் எழுதி வாங்க வேண்டும் என்கிறேன்.

கற்பிட்டிக்காரர் பத்திரங்களைப் பிறகு தருவதாகச் சொல்வதை ஏற்க வேண்டாம். மீன்பிடிப் படகுகள் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவானவை. படகின் பக்கத்தில் ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கி மாவட்டக் குறியீட்டில் முடியும் இலக்கம் எழுதியிருக்கும், அல்லது பெயின்ற் பூசி மறைத்த தடம் தெரியும். அந்த இலக்கத்தோடு மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்குப் போய், உரிமையாளர் யார், கடன் ஏதும் நிலுவையில் உண்டா, மீன்பிடியிலிருந்து விலக்கி உங்கள் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். எஞ்சினுக்குத் தனிப் பற்றுச்சீட்டு வேண்டும். வெளியே மாட்டும் எஞ்சின்கள் திருட்டுப் போவது சாதாரணம். தொடரிலக்கத் தகடு சுரண்டப்பட்டிருந்தால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள்.

நீரில் இறங்கும்போது

நீச்சல் தெரிந்தவருக்கு அங்கி வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்ந்த மலைநீரில் உடையோடு விழுந்தவரின் கைகால்கள் நினைப்பதைவிட வேகமாகச் சோரும். படகில் நீந்தத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் மற்ற ஐவருக்கும் உதவ யாரும் இல்லை. ஆறு பேரும், படகில் ஏறுவதற்கு முன் கரையிலேயே, நூறு நியூட்டன் மிதவைத் திறனுள்ள அங்கி அணிய வேண்டும். பிள்ளைகளுக்கு உடல் எடைக்கேற்ற அளவில், தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டியும் கால்களுக்கிடையே மாட்டும் வாரும் உள்ளதையே வாங்குங்கள். வார் இல்லாவிட்டால் சிறு பிள்ளை அங்கிக்குள்ளிருந்து நழுவிவிடும். ஆழமில்லாத இடத்தில் ஒவ்வொருவரையும் அங்கியோடு மிதக்கவிட்டுப் பழக்குங்கள், அம்மா உட்பட. அம்மா சேலையோடு வருவதானால் அங்கி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். மழைக்கோட்டை அதன் மேல் போர்த்த வேண்டாம். அவரைப் படகின் நடுவில், தாழ்வான இருக்கையில் அமர்த்துங்கள்.

எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றை ஓட்டுபவர் எப்போதும் மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். நீங்கள் விழுந்தால் எஞ்சினும் அக்கணமே நின்றுவிடும். இரண்டு துடுப்பு, நங்கூரமும் நீண்ட கயிறும், நீர் இறைக்கும் வாளி, விசில், நீர் புகாத உறையில் கைத்தொலைபேசி ஆகியவற்றைப் படகிலேயே வைத்திருங்கள். காலையில் புறப்பட்டு, பிற்பகல் மழை கூடுவதற்கு முன் கரைசேருங்கள். திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் மகனுக்கு 13 வயது. எஞ்சினை நிறுத்தவும் நங்கூரம் இறக்கவும் அவனுக்கும் கற்றுக்கொடுங்கள், ஆனால் ஓட்டக் கொடுக்க வேண்டாம். விலை பேசும்போதே, ஒரு முழு நாள் உங்களுக்கு ஓட்டப் பழக்குவதையும் கற்பிட்டிக்காரரிடம் சேர்த்துப் பேசுங்கள். வேனின் காப்புறுதி படகை நீரில் காக்காது. படகுக்கும் அதில் பயணிப்போருக்கும் தனிக் காப்புறுதி கிடைக்குமா என்று முகவரிடம் விசாரியுங்கள்.

கற்பிட்டிப் படகு மிதவைச் சோதனையிலோ பின்பலகையிலோ தவறிவிட்டால், அதே பணத்தோடு மேற்குக் கரையோரத்தின் ஃபைபர் படகுக் கட்டுமிடங்கள் ஒன்றிரண்டை விசாரித்துப் பாருங்கள். பதினாறு அடி நீளம், ஆறரை அடிக்குக் குறையாத அகலம், உள்ளே நுரை நிரப்பிய மூடிய அறைகள், கூரை இல்லை, தாழ்வான மூன்று குறுக்கு இருக்கைகள் என்று எழுதிக் கொடுத்து, மிதவைச் சோதனையை உங்கள் கண்முன்னே செய்து காட்டுவதையும் கட்டளையில் சேர்த்து விலை கேளுங்கள். அந்த அளவில் கணக்கு 6.9 வரும்; உங்கள் ஆறு பேருக்கு அது பொருந்தும்.